மில்லிலிட்டரைக் கப்பாக மாற்றினால் ஏன் சரிவருவதில்லை? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

500 கிராம் மாவுக்கு 350 மில்லிலிட்டர் தண்ணீர் என்றது ஒரு ரொட்டிச் செய்முறை. என்னிடம் அப்போது அளவு ஜாடி கிடையாது, அளவுக் கப்புகள் மட்டும்தான். ஒரு கப் 250 மி.லி. என்று எங்கோ படித்த நினைவில் 350-ஐ 250-ஆல் வகுத்தேன். 1.4 கப் வந்தது. கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாவு இறுகிப்போய் முரண்டு பிடித்தது. அடுத்த முறையும் அப்படியே, அதற்கடுத்த முறையும் அப்படியே. மாவைச் சந்தேகித்தேன், ஈஸ்ட்டைச் சந்தேகித்தேன், கடைசியில்தான் கப்பைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அது 250 கொள்ளும் கப் அல்ல, 237 கொள்ளும் கப். 1.4 கப் என்று நான் ஊற்றிக்கொண்டிருந்தது கணக்குப்படி 331 மி.லி. தண்ணீர்தான். மாவின் எடையில் 70 விழுக்காடு இருக்க வேண்டிய நீர் 66 விழுக்காடாக இறங்கியிருந்தது.

இதே பிழை தலைகீழாகவும் நடக்கும். 240-ஆல் வகுத்துவிட்டு 250 கொள்ளும் கப்பால் அளந்தால் 365 மி.லி. போய்ச் சேரும், மாவு கையில் ஒட்டிக்கொண்டு வராது. இரண்டு பேரும் சரியாகத்தான் வகுத்தார்கள், தவறான எண்ணால் வகுத்தார்கள். கீழே உள்ள அறிகுறிகளில் பாதி இந்த ஒரே நோயின் வெவ்வேறு முகங்கள். மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள் உண்டு.

அறிகுறி: எத்தனை முறை செய்தாலும் ஒரே பக்கமாகத் தவறுகிறது

கை நடுக்கத்தால் வரும் பிழை ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். எப்போதும் இறுக்கம், அல்லது எப்போதும் தளர்ச்சி என்றால் கை காரணமல்ல, கப் காரணம்.

உலகத்தில் கப் என்ற பெயரில் குறைந்தது ஆறு அளவுகள் உலவுகின்றன. அமெரிக்கச் சமையல் கப் 236.6 மி.லி.; அது அவர்களுடைய பைண்ட் என்ற திரவ அளவில் பாதி. அதே நாட்டில் உணவுப் பொட்டலங்களின் ஊட்டச்சத்துப் பட்டியலுக்கு மட்டும் கப்பை 240 மி.லி. என்று வட்டமாக வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் மெட்ரிக் கப் 250. ஜப்பானியச் சமையல் கப் 200. அங்கேயே அரிசிக்கு மட்டும் தனிக் கப், 180. பழைய பிரிட்டிஷ் சமையற்குறிப்புகளில் வரும் கப், அவர்களுடைய பைண்ட்டில் பாதி என்றால், 284. ஆகச் சிறியதற்கும் ஆகப் பெரியதற்கும் நூறு மில்லிக்கு மேல் வித்தியாசம்.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். கப்பைச் சமையலறைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரை விளிம்பு வரை, அல்லது கப்பில் கோடு இருந்தால் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கப்பின் மில்லி. தண்ணீர் மட்டும்தான் இந்தச் சலுகையைத் தரும். பாலோ எண்ணெயோ வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

வெந்நீரும் கூடாது. இதில் ஒரு வேடிக்கையான பொறி இருக்கிறது. தண்ணீர் சூடானால் விரியும். கொதிநிலையை ஒட்டி, அதே கப்பில் அடங்கும் நீரின் எடை ஏறக்குறைய நான்கு விழுக்காடு குறைந்துவிடும். 250 கொள்ளும் கப்பில் அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி நிறுத்தால் தராசு 240 என்று காட்டும். நீங்களும் அது அமெரிக்கப் பட்டியல் கப் என்று நம்பிவிடுவீர்கள்.

தராசு இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரைக் கப் கப்பாக ஊற்றி எண்ணுங்கள். நான்கு கப்பில் முடிந்தால் 250. நான்கு கப் போக மூன்றரை மேசைக்கரண்டி அளவுக்கு மிஞ்சினால் அமெரிக்கக் கப். ஐந்து கப்பில் முடிந்தால் 200. ஐந்தும் போக அரைக் கப்புக்கு மேல் மிஞ்சினால் 180. மூன்றரையில் முடிந்தால் 284.

தராசு 237-க்கும் 240-க்கும் நடுவில் ஊசலாடினால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் ஒன்றரை விழுக்காடு கூட வித்தியாசமில்லை. அகலமான கப்பின் விளிம்பில் நீர் ஒரு மில்லிமீட்டர் குமிழ்ந்து நின்றாலே நான்கைந்து மில்லி கூடிவிடும். 237-ஆ, 250-ஆ என்பதுதான் நாம் தீர்க்க வேண்டிய வழக்கு. எண் தெரிந்ததும் அழியாத மையால் கப்பின் அடியில் எழுதிவிடுங்கள், என்னுடையவற்றில் எழுதியிருக்கிறேன்.

இனி எந்த எண்ணால் வகுப்பது? இங்கேதான் பலர் வேண்டாத குழப்பத்தில் மாட்டுகிறார்கள். செய்முறை மில்லியில் இருந்தால், அதை எழுதியவர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே எழாது. மில்லி எங்கும் ஒன்றுதான். உங்கள் கையில் உள்ள கப்பின் எண்ணால் வகுங்கள், அவ்வளவே. செய்முறை கப்பில் இருந்தால்தான் எழுதியவரின் கப் தேவை: அவருடைய கப்பை மில்லியாக்கி, அந்த மில்லியை உங்கள் கப்பால் வகுக்க வேண்டும். செய்முறையில் எல்லாப் பொருளும் கப்பிலேயே இருந்தால் அதுகூட வேண்டாம். ஒரே கப்பால் எல்லாவற்றையும் அளந்தால் விகிதம் மாறாது. பண்டம் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ வரும், கெடாது. கப்போடு கிராமோ, எண்ணிப் போடும் முட்டையோ கலந்து வரும்போதுதான் விகிதம் உடைகிறது.

அறிகுறி: ஒரு பங்குக்குச் சரி, எட்டுப் பங்குக்குத் தவறு

முதலில் வட்டமாக்கிவிட்டுப் பிறகு பெருக்கியிருப்பீர்கள். அமெரிக்கக் கப்பில் 100 மி.லி. என்பது 0.42 கப். அதை 0.4 என்று சுருக்கி எட்டால் பெருக்கினால் 3.2 கப். உண்மையில் 800 மி.லி. என்பது 3.38 கப். விட்டுப்போனது நாற்பது மில்லிக்கும் மேல். எப்போதும் மில்லியைப் பெருக்குங்கள். கப்பாக மாற்றுவதைக் கடைசி வேலையாக வையுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் தவறினால், ஊற்றும் பழக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கப்பையும் தளும்பாமல் இருக்க ஐந்து மில்லி குறைவாக நிரப்புகிறவர் எட்டாவது கப்பில் நாற்பது மில்லியைத் தொலைத்திருப்பார். பெரிய அளவுக்குக் கப்பை விட்டுவிட்டு லிட்டர் ஜாடிக்குப் போவதே மேல்.

அறிகுறி: கணக்கு 0.63 கப் என்கிறது. அப்படி ஒரு கப் இல்லை

அளவுக் கப்புகளில் கால், மூன்றில் ஒன்று, அரை, முக்கால்தான் இருக்கும். 0.63 என்று திரை காட்டினால் முக்கால் கப்பில் கண்ணளவுக்கு ஊற்றி முடிப்பவர்கள் உண்டு. கண்ணை நம்பாதீர்கள். சரிந்த பக்கங்கள் உள்ள கப்பில் பாதி உயரம் பாதி அளவு அல்ல. அடி குறுகலாக இருப்பதால் பாதி உயரத்தில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும்.

அந்த எண்ணைத் துண்டாக உடையுங்கள். பெரிய துண்டைக் கப்பிலும் மீதியைக் கரண்டியிலும் அளக்க வேண்டும். மேசைக்கரண்டி 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி. என்று வைத்துக்கொண்டால், அடிக்கடி வரும் அளவுகள் இப்படி விழும். அமெரிக்கக் கப் உள்ளவர்களுக்கு:

100 மி.லி.: மூன்றில் ஒரு கப், 1 மேசைக்கரண்டி, 1 தேக்கரண்டி
150 மி.லி.: அரைக் கப், 2 மேசைக்கரண்டி
200 மி.லி.: முக்கால் கப், 1 மேசைக்கரண்டி, ஒன்றரைத் தேக்கரண்டி
350 மி.லி.: ஒன்றரைக் கப்பிலிருந்து 1 தேக்கரண்டியை எடுத்துவிடுங்கள்
500 மி.லி.: 2 கப், 2 மேசைக்கரண்டி
1 லிட்டர்: நாலேகால் கப்பிலிருந்து 1 தேக்கரண்டியை எடுத்துவிடுங்கள்

250 கொள்ளும் மெட்ரிக் கப் உள்ளவர்களுக்கு வேலை இன்னும் எளிது. 500 என்றால் இரண்டு கப், ஒரு லிட்டர் என்றால் நான்கு கப். 150-க்கு அரைக் கப், 1 மேசைக்கரண்டி, 2 தேக்கரண்டி. 200-க்கு முக்கால் கப், இரண்டரைத் தேக்கரண்டி. 350-க்கு ஒன்றேகால் கப், இரண்டரை மேசைக்கரண்டி.

இந்த இரண்டு பட்டியலையும் கலந்துவிடாதீர்கள். முதல் அறிகுறிக்கே திரும்பிப் போவீர்கள்.

அறிகுறி: கப் சரி, கரண்டியால் அளந்தது மட்டும் கூடுகிறது அல்லது குறைகிறது

மேசைக்கரண்டியிலும் நாடு பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் 15 மி.லி.; அமெரிக்காவில் துல்லியமாகச் சொன்னால் 14.8. ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. பக்கத்து நியூசிலாந்து அதே 250 கப்பை வைத்துக்கொண்டே கரண்டியை 15-இல் நிறுத்திக்கொண்டது. ஆஸ்திரேலியச் செய்முறை நான்கு மேசைக்கரண்டி என்றால் 80 மி.லி.; நம் கரண்டியால் அளந்தால் 60-தான் வரும்.

தேக்கரண்டி எங்கும் 5 மி.லி.யை ஒட்டியே இருப்பதால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசைக்கரண்டியில் எத்தனை தேக்கரண்டித் தண்ணீர் பிடிக்கிறது என்று ஊற்றிப் பாருங்கள். மூன்று என்றால் 15, நான்கு என்றால் 20. சாப்பிடும் கரண்டி இந்தச் சோதனைக்கே தகுதியில்லாதது. அவற்றுக்கு நிலையான அளவு என்று எதுவும் கிடையாது.

அறிகுறி: அவுன்ஸ் அல்லது பைண்ட் வழியாக மாற்றினேன், எங்கோ போய்விட்டது

அவுன்ஸ் இரண்டு வகை என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். ஒன்று எடை, 28.35 கிராம். மற்றது திரவ அளவு, அதாவது கொள்ளளவு. 8 அவுன்ஸ் தேன் என்று ஒரு செய்முறை எடையைச் சொல்ல, நீங்கள் அதைத் திரவ அவுன்ஸ் என்று எடுத்து ஒரு முழு அமெரிக்கக் கப் ஊற்றினால் என்ன ஆகும்? கேட்டது 227 கிராம். தேன் கனமானது, ஆகவே மூன்றில் இரண்டு கப்பிலேயே அது அடங்கிவிடும். நீங்கள் போட்டது ஏறத்தாழ 336 கிராம். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

திரவ அவுன்ஸிலும் இரண்டு உண்டு. அமெரிக்காவுடையது 29.6 மி.லி., பிரிட்டனுடையது 28.4. அவுன்ஸில் அமெரிக்கா பெரியது, பைண்ட்டிலோ பிரிட்டன் பெரியது. காரணம், பிரிட்டனில் பைண்ட்டுக்கு 20 அவுன்ஸ், அமெரிக்காவில் 16. இந்தக் குளறுபடிக்குப் பின்னால் ஒரு பழைய பிரிவினை இருக்கிறது. எட்டு பைண்ட் சேர்ந்தது ஒரு கேலன். ஆன் அரசி காலத்து ஆங்கிலேயத் திராட்சரசக் கேலனை, 231 கன அங்குலம் கொண்டதை, அமெரிக்கா அப்படியே வைத்துக்கொண்டது. பிரிட்டன் 1824-இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பத்துப் பவுண்டு தண்ணீர் அடைக்கும் இடமே ஒரு கேலன் என்று புதிதாக வகுத்தது. அதனால்தான் பிரிட்டனின் ஒரு திரவ அவுன்ஸ் தண்ணீர் ஒரு அவுன்ஸ் எடையும் இருக்கிறது.

சமையலுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பைண்ட் என்றால் இரண்டு கப் என்பது அமெரிக்க வாய்பாடு. பிரிட்டிஷ் பைண்ட் 568 மி.லி.; அது அமெரிக்கக் கப்பில் 2.4. அவுன்ஸைத் தொடாமல் மில்லியிலிருந்து நேராகக் கப்புக்குப் போக முடியுமானால் அப்படியே போங்கள்.

அறிகுறி: ஜாடி ஒன்று சொல்கிறது, கப் இன்னொன்று சொல்கிறது

கப்பால் அளந்த தண்ணீரை ஜாடியில் ஊற்றினால் கோடு பொருந்தவில்லை. எது பொய் சொல்கிறது?

முதலில் பார்க்கும் விதத்தைச் சரிசெய்யுங்கள். ஜாடியைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் மேடைமேல் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் குனிந்து கொண்டுவாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால், உங்கள் பக்கத்துச் சுவரில் உள்ள கோடு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். போதும் என்று நிறுத்திவிடுவீர்கள், அளவு குறையும். தண்ணீர் சுவரோரம் சற்று ஏறி நடுவில் குழிந்து நிற்கும். குழிந்த அடிப்பகுதியைத்தான் கோட்டோடு சேர்க்க வேண்டும்.

அடுத்து, ஜாடியின் அகலம். பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஜாடியில் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்பது எட்டு மில்லி. அந்த ஜாடியில் 50 மி.லி. அளப்பது ஊகம்தான். சிறிய அளவுகளுக்கு மேசைக்கரண்டியை எடுங்கள்.

இரண்டு வரிசைக் கோடுகள் உள்ள ஜாடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: கப் வரிசையில் '1' என்ற கோட்டுக்கு நேராக மில்லி வரிசையில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். 237-ஐ ஒட்டி வந்தால் அந்த ஜாடி பேசுவது அமெரிக்கக் கப். 250 என்றால் மெட்ரிக். எனக்கு ஒருமுறை வாய்த்த மலிவான ஜாடியில் ஒரு கப்புக்கு நேராக 250-உம் இரண்டு கப்புக்கு நேராக 475-உம் அச்சிட்டிருந்தது. அதைப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பயன்படுத்தினேன். சந்தேகம் வந்தால் தராசு தீர்ப்புச் சொல்லட்டும்.

மாவு அளக்கும் கப்பும் திரவம் அளக்கும் கப்பும் கொள்ளளவில் வேறுபடுவதில்லை. விளிம்பு வரை நிரப்பும் கப்பை எடுத்துச் செல்லும் வழியில் சிந்திவிடும், அதுதான் சிக்கல். பாத்திரத்துக்கு மேலேயே பிடித்து ஊற்றுங்கள்.

அறிகுறி: தண்ணீருக்குச் சரி, தேன், எண்ணெய் என்றால் தவறு

மில்லியும் கிராமும் ஒன்று என்ற பழக்கம் தண்ணீரோடு முடிந்துவிட வேண்டும். பாலுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும்: ஒரு மில்லி பால் 1.03 கிராம், மூன்று விழுக்காட்டுப் பிழையைக் கண்டுகொள்ள வேண்டாம். எண்ணெய் 0.92 கிராம்தான், 200 கிராம் எண்ணெய் 217 மி.லி. இடம் பிடிக்கும். தேன் 1.42 கிராம் அளவுக்குக் கனமானது. 200 கிராம் தேன் 141 மி.லி.யில் அடங்கிவிடும். செய்முறை கிராமில் இருந்தால் முதலில் இந்த எண்ணால் வகுத்து மில்லியாக்குங்கள், பிறகு கப்பாக்குங்கள். தராசு இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு நேராக நிறுத்துவிடலாம்.

தேன் கப்பின் சுவரிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அளப்பதற்கு முன் கப்பின் உள்ளே லேசாக எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அறிகுறி: பத்து மடங்கு தவறு

டெசிலிட்டரைச் சென்டிலிட்டராகப் படித்திருப்பீர்கள். ஒரு டெசிலிட்டர் 100 மி.லி., ஒரு சென்டிலிட்டர் 10 மி.லி. ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளின் செய்முறைகளில் டெசிலிட்டர் அன்றாட அளவு. விடை கேலிக்கூத்தாக வந்தால் சுருக்க எழுத்தை மறுபடி படியுங்கள்.

அறிகுறி: கருவியோடு வந்த கப்பால் அளந்தேன்

மின்சார அரிசிக் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி., அந்த ஜப்பானிய அரிசிக் கப்தான். உள்பாத்திரத்தில் உள்ள கோடுகளும் அதற்கேற்பப் போட்டவை. குக்கருக்குள் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். காப்பி இயந்திரத்தின் கண்ணாடிக் குடுவையில் எழுதியிருக்கும் கப் இன்னும் சிறியது, 150 மி.லி. அல்லது அதற்கும் கீழே. பத்துக் கப் குடுவை என்று நம்பி அதில் இரண்டரை லிட்டரை ஊற்றப் போகாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் சரிபார்த்தாயிற்று, இன்னும் சரிவரவில்லை

கப்பின் எண் தெரியும், கரண்டி 15-தான், கண் கோட்டு மட்டத்தில் இருந்தது, அவுன்ஸ் பக்கமே போகவில்லை. ஆனாலும் மாவு இறுகுகிறது. அப்படியானால் குற்றவாளி திரவம் அல்ல. மாவையும் கப்பால் அளந்தீர்களா? ஒரே கப்பில் கரண்டியால் தளர்வாக நிரப்பினால் 120 கிராம் மாவு பிடிக்கும். கப்பையே மாவுக்குள் அமுக்கி எடுத்தால் 150 வரை போகும். நான்கு கப்புக்கு அந்த வேறுபாடு 120 கிராம். 350 மி.லி. தண்ணீரை ஒரு சொட்டு பிசகாமல் அளந்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. தண்ணீரைக் கப்பில் அளந்துகொள்ளுங்கள், மாவைத் தராசில் வையுங்கள்.